குரோட்டன்ஸ் செடியின் சிவப்பு

சித்திரை 10, திங்கள்

காலையிலேயே அனல். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி. இரண்டு குடம் பிடிப்பதற்குள் நின்றுவிட்டது. குடிக்க ஒன்று, சமையலுக்கு ஒன்று. குரோட்டன்ஸுக்கு அரிசி களைந்த தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர், எல்லாம் ஒரு வாளியில் சேர்த்து.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் இதுதான் பெரிய குரோட்டன்ஸ். எங்கள் பெண் ராஜி பிறந்த வருஷம் அவர் குளித்தலை ஸ்டேஷன் தோட்டத்தில் கேட்டு வாங்கிய குச்சி. ஈரத் துணி சுற்றி இன்ஜினிலேயே வைத்துக் கொண்டுவந்தார். இப்போது ராஜியை விட உயரம். பச்சையில் மஞ்சளைத் தெளித்த மாதிரி இலை. முற்ற முற்ற நரம்பு சிவக்கும். அடியிலை முழுச் சிவப்பு.

இன்று பாசஞ்சர் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா இல்லையா என்று. வெளுத்துக் கிடக்கிறதாம். ஊற்றுகிறேன் என்றேன். எனக்கு வெளுப்பாகத் தெரியவில்லை. இரவு முழுக்கக் கரிப்புகையில் நின்று வந்த கண்.

வாங்க: உப்பு, சீயக்காய், விளக்குத் திரி, ராஜிக்கு ரிப்பன்.

சித்திரை 28, வெள்ளி

கத்திரி வெயில். சூரியன் ஏறுவதற்குள் ஒரு தரம், இறங்கிய பிறகு ஒரு தரம் ஊற்றுகிறேன். மத்தியானம் இலையெல்லாம் காது மடங்கின மாதிரி தொங்குகிறது. சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டு மேரி டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு ஒரு குச்சி கேட்டார். இந்தச் சிவப்பு அவர் வீட்டுச் செடிக்கு வரவே மாட்டேன் என்கிறதாம். சந்தோஷமாக இருந்தது. ஆக, நான் ஊற்றுவது சரிதான்.

ஒடித்தபோது பால் புடவையில் பட்டுவிட்டது. கறை போகவில்லை. நீலப் புடவை, போச்சு.

அவரிடம் டீச்சர் சொன்னதைச் சொன்னேன். சிவப்பா, எங்கே இருக்கிறது சிவப்பு, என்று கேட்டுவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

வைகாசி 12, சனி

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது.

அவர் மார்க்கெட்டிலிருந்து தக்காளி வாங்கி வந்தார். பாதி காய். பழமாகப் பார்த்து எடுக்கக்கூடாதா என்றேன். பழம்தானே எடுத்தேன் என்றார். கடைக்காரன் மாற்றிப் போட்டிருப்பான். கிலோ என்று புதுசாக வந்ததிலிருந்து எல்லாக் கடையிலும் குழப்பம்.

சோறு பாதியிலேயே கை கழுவுகிறார். வயிறு மந்தமாம். உறையூர்ச் சுருட்டு மட்டும் ஒன்று அணைவதற்குள் அடுத்தது. வீடு முழுக்க அந்த வாடை. ராஜி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் பாவாடையை மோந்து பார்த்துச் சிரிக்கிறார்களாம்.

ஆனி 9, சனி

காற்று. வாசல் பூராவும் மண்.

செடி நிழலில் நிற்பதால்தான் நிறம் போகிறது என்று அவர் வேப்பமரத்துக் கிளையை வெட்டவைத்தார். அப்புறம் தண்ணீர் போதவில்லை என்று தானே வாளி வாளியாக ஊற்றினார். நான் ஊற்றியது போக. மண் சேறாகிவிட்டது. நேற்றிலிருந்து இலை கொட்டுகிறது. நல்ல இலை, புள்ளி கூட மாறாத இலை. பெருக்கி எடுக்கும்போது அழுகை வந்தது. செடிக்காகவா தெரியவில்லை.

போதும் ஊற்றாதீங்க, வேர் அழுகிடும் என்றேன். என்னமோ பண்ணு என்று போய்விட்டார்.

பேப்பரை ராஜியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார் இப்போதெல்லாம். அவள் படிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாராம்.

ஆடி 18, வெள்ளி

பதினெட்டாம் பெருக்கு. ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய், அங்கிருந்து எல்லோருமாக அம்மா மண்டபம். காவிரி படிக்கட்டை முக்கால்வாசி விழுங்கியிருந்தது. சித்ரான்னம் ஐந்து வகை. அக்கா தேங்காய்ச் சாதத்தில் உப்பு மறந்துவிட்டாள்.

படித்துறையில் அக்கா எதிரே வந்தாள். அவர் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார். நான் கூப்பிட்டு நிறுத்திய பிறகுதான் சிரித்தார். அக்காவுக்கு மனத்தாங்கல். 

ராஜிக்குப் பின்னல் போடும்போது, அப்பா அந்தச் சிவப்பு ரிப்பனை எடுங்க என்றாள். அவர் பச்சையை எடுத்துக் கொடுத்தார். இது இல்லப்பா என்றாள். மறுபடி பார்த்துவிட்டு அதையே நீட்டினார். அப்பா விளையாடறாங்க என்று ராஜி சிரித்தாள். அவரும் சிரித்தார், கொஞ்சம் கழித்து.

நான் சிரிக்கவில்லை. தக்காளி, செடி, அக்கா முகம். எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

அவர் இன்ஜின் ஓட்டுகிறவர்.

ஆடி 19, சனி

தூங்கவில்லை. தண்ணீர் ஊற்றினேன், நினைவில்லை எவ்வளவு என்று.

ஆவணி 20, புதன்

மேகமூட்டம். செடிக்கு ஒரு வேளை போதும்.

தண்ணீர் ஊற்றும்போது அவர் பக்கத்தில் நின்றார். அடிக்கிளையைக் காட்டி, அந்தச் சிவந்த இலையைக் கிள்ளிப் போடுங்க, பூச்சி மாதிரி தெரியுது என்றேன். கை அதே கிளையின் நுனியிலிருந்த பச்சை இலைக்குப் போனது. கிள்ளினார். திருப்பிப் பார்த்தார். பூச்சி ஒன்றும் இல்லையே என்றார்.

இல்லைதான்.

பகலில் பயமில்லை. கைகாட்டி மரத்தில் கை கிடையாக நீட்டியிருந்தால் நிற்கவேண்டும், இறங்கியிருந்தால் போகலாம், அது எனக்கே தெரியும். கல்யாணமான புதிதில் அவரே சொல்லிக்கொடுத்தார். இருட்டில் கை தெரியாது. விளக்கின் நிறம் மட்டும்தான். சிவப்பு, பச்சை.

அவருக்கு இந்த வாரம் முழுக்க இரவு வண்டி.

கண் பரீட்சை எப்போது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். பொங்கல் கழித்து என்றார். எதற்குக் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன்.

 ரயில் விசில் கேட்டால் பாத்திரம் கையிலிருந்து நழுவுகிறது.

புரட்டாசி 14, ஞாயிறு

தூறல். வாளிக்கு வேலையில்லை.

யூசுப் வந்தார். இவர் இன்ஜினில் கரி போடும் பயர்மேன், பாலக்கரைக்காரர். ஐந்தாறு வருஷமாக ஒன்றாகத்தான் ஓடுகிறார்கள். இவரை அண்ணன் என்பார், என்னை அண்ணி. வீட்டில் ஃபாத்திஹா ஓதினோம் என்று நெய்ச்சோறு கொண்டுவந்தார். இவர் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, வண்டியில் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

யூசுப் நெய்ச்சோற்றுத் தூக்கை மூடித் திறந்து மூடினார். நல்லாத்தான் இருக்கு அண்ணி என்றார். அப்புறம், தரையைப் பார்த்துக்கொண்டு:

"கைகாட்டி வந்தா ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லணும், அதுதான் சட்டம். முன்னாடி அண்ணன்தான் முதல்ல சொல்லுவாரு. இப்ப நான் சொன்னப்புறம் சொல்றாரு."

அதற்குள் இவர் துண்டோடு வந்துவிட்டார். இருவரும் கரி மட்டமாக வருகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

யூசுப்புக்குத் தெரியும். யூசுப்பின் கண்ணில்தான் வண்டி ஓடுகிறது.

ஐப்பசி 11, சனி

தீபாவளி. அடைமழை. வாசல் குளம். செடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது, மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி விட்டேன். தீபாவளி மருந்து கிண்டிய கையோடு சேறு.

எல்லையில் சண்டை. மேரி டீச்சர் வீட்டு ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். அதனால் பட்டாசு அதிகம் இல்லை. ராஜி மத்தாப்பு மட்டும் கொளுத்தினாள். பச்சை மத்தாப்பு அழகா இருக்கா அப்பா என்றாள். ரொம்ப அழகு என்றார். அது சிவப்பு. ராஜி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பத்து வயதுப் பெண் கேட்காமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பட்சணம்: அதிரசம் உடைந்தது. முறுக்கு சுமார்.

கார்த்திகை 12, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. வாய்க்காலை மூடினேன். செடி கொழுகொழு. மழைத் தண்ணீருக்கு அப்படி ஒரு சத்து. அடியிலை ரத்தம் மாதிரி.

கடைக்குப் போகும் வழியில் ஆர்மரி கேட் பக்கம் யூசுப்பைப் பார்த்தேன். அவரே சைக்கிளை விட்டு இறங்கினார். முகம் சரியில்லை. நடந்துகொண்டே சொன்னார்.

போன வாரம் ராத்திரி. ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு வெளியே. யூசுப் குனிந்து கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வேகம் குறையவில்லையே என்று தோன்றி நிமிர்ந்தால் முன்னால் சிவப்பு விளக்கு. இவர் வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாராம். பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். யூசுப் பாய்ந்து பிரேக்கைப் போட்டார். கைகாட்டி மரத்துக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. உள்ளே தூங்கினவர்கள் யாரும் எழுந்துகூட இருக்கமாட்டார்கள்.

பிறகு பச்சை விழுகிற வரைக்கும் இருவரும் பேசவில்லையாம். பச்சை விழுந்ததும், போகலாமா யூசுப் என்று கேட்டாராம்.

"நான் இருக்கிற வரைக்கும் பாத்துக்கறேன் அண்ணி. ஆனா எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

மேலிடத்தில் சொல்லுங்களேன் என்று நான் கேட்கவில்லை. சொன்னால் தன் பிழைப்பும் போகும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வேலை போனால் இந்த வீடு போகும். ராஜி படிப்பு போகும்.

எண்ணெய் வாங்காமலே வந்துவிட்டேன்.

மார்கழி 15, ஞாயிறு

பனி. இந்த மாதம் செடிக்குக் காலையில் ஊற்றக்கூடாது, வெயில் வந்த பிறகு கொஞ்சமாக. புது இலை வைக்காமல் அப்படியே நிற்கிறது.

ராஜியோடு ஸ்ரீரங்கம். அக்காவுக்கு ஜுரம். திரும்பும்போது ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. வைகுண்ட ஏகாதசி வருகிறது, இப்போதே ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. பிளாட்பாரத்தில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார்கள். ஒரு பெண் மடியில் கைக்குழந்தை. பக்கத்தில் அவள் மாமியார்போல, "எத்தனை நெரிசலா இருந்தாலும் ரயில்ல வந்தா பயமில்ல, பஸ்ஸுதான் பயம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழந்தையைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் சொல்கிறார், ஏகாதசி ஸ்பெஷல் வண்டிகளுக்கு டூட்டி போட்டுவிட்டார்களாம். சனிக்கிழமை ராத்திரி இவருக்கு. யூசுப் இல்லை. தங்கை நிக்காஹுக்காகப் புதுக்கோட்டை போகிறார். வேறு பயர்மேன், புதியவன்.

சொல்லிவிட்டுச் சுருட்டுப் பெட்டியைத் தேடினார். நெருப்புக்குச்சியைச் சுருட்டு நுனிக்குக் கொண்டுபோக மூன்று தரம் ஆயிற்று.

மார்கழி 19, வியாழன்

ராஜி பள்ளிக்கூடம் போன பிறகு செடியில் இரண்டு இலை பறித்தேன். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. முற்றத்து வெயிலில் அவர் முன்னால் வைத்தேன். எது சிவப்பு சொல்லுங்க என்றேன்.

முதலில் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் இலையை. வெகுநேரம் பார்த்தார். இரண்டையும் கையில் எடுத்து வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார்.  பச்சையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. உடனே மற்றதை நீட்டினார்.

இத்தனை நாள் எனக்கு அவர் கண்ணைப் பற்றித்தான் பயம். இன்று அவர் பயத்தைப் பார்த்தேன்.

நீங்களே போய் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். முடியாது என்றார். ஏகாதசி போகட்டும், பொங்கல் போகட்டும் என்றார். கண்ணில் புகை, தானே சரியாகும் என்றார். வேலை போனால் எங்கே போய் நிற்பது, உன் அக்கா வீட்டு வாசலிலா என்றார். எல்லாம் நான் ஆறு மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டது.

"நீங்க சொல்லலைன்னா நான் ஷெட் போர்மேன்கிட்ட போய்ச் சொல்லுவேன்."

"சொல்லித்தான் பாரேன்."

இலை இரண்டையும் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்துபோனார். சமையல் ஆகவில்லை இன்று. ராஜிக்கு அவல்.

மார்கழி 21, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்குக் கேரியர் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை. தெரு முனை திரும்பும் வரை நின்றேன். பிறகு ராஜியை மேரி டீச்சரிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். லோகோ ஷெட் கேட். பெண்பிள்ளை யாரும் வராத இடம். கரியும் நீராவியும். எல்லோரும் பார்த்தார்கள்.  காவல்காரர், யாரைப் பார்க்கணும்மா என்றார். போர்மேனை என்றேன்.

போர்மேன் ஆபீசிலிருந்து வெளியே வந்தார். வயதானவர், மரியாதையாகத்தான் கேட்டார், வீட்டில் ஏதாவது விசேஷமா என்று.

"என் வீட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியலைங்க. இன்னிக்கு ஸ்பெஷல்ல அனுப்பாதீங்க."

இவர் இன்ஜின் அருகில் எண்ணெய்க் குப்பியோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டிருக்க முடியாது, அவ்வளவு சத்தம். ஆனால் என்னைப் பார்த்துவிட்டார். குப்பியைக் கீழே வைத்தார்.

அவரைக் கூப்பிட்டார்கள். நான் திரும்பி நடந்தேன். ஓடினேனா, நடந்தேனா, தெரியவில்லை.

மார்கழி 22, ஞாயிறு

ஏகாதசி. சொர்க்கவாசலுக்குப் போய்வந்த ஜனம் விபத்து எதுவும் இல்லாமல் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று பால்காரர் சொன்னார். அவர் கூட்ட நெரிசலைச் சொன்னார், நான் ரயிலை நினைத்தேன்.

இவர் ஸ்பெஷலில் போகவில்லை. வேறு டிரைவர் போனார். இவர் நேற்றே இருட்டுவதற்குள் வந்து படுத்துவிட்டார், சுவர்ப் பக்கம் திரும்பி. சாப்பாடு தொடவில்லை. 

தை 17, புதன்

தெளிந்த வானம். செடிக்கு ஒரு சொம்பு.

ரயில்வே ஆஸ்பத்திரி. மூன்றாம் தடவை. இன்றைக்கு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேஜையில் கலர் கலராக நூல் கண்டு. இவர் பொறுக்கிப் பொறுக்கி வைத்தது அப்படியே இருந்தது. சிவப்புக் குவியலில் பச்சை, பழுப்பு, சாம்பல். 

டாக்டர் இளவயதுக்காரர். ஒரு நாளைக்கு எத்தனை சுருட்டு என்று கேட்டார். இவர் குறைத்துச் சொன்னார். நான் திருத்தினேன். புகையிலையின் விஷம் கண் நரம்பில் இறங்கியிருக்கிறதாம். சாப்பாடும் சரியாக இல்லாததால் உடம்பு தாங்கவில்லை. சுருட்டை இன்றோடு விடவேண்டும். ஊசி. முட்டை, ஈரல், கீரை. திரும்புமா என்று கேட்டேன்.

"திரும்பினவங்க உண்டு. மாசக்கணக்காகும். திரும்பாமலும் போகலாம். இப்ப விட்டா நம்பிக்கை இருக்கு, இன்னும் ஒரு வருஷம் இப்படியே போயிருந்தா சொல்ல முடியாது."

வேலை? அது தன் கையில் இல்லை என்றார். கண் தேறும்வரை லைனில் வண்டி ஓட்டக்கூடாது. ஷெட்டில் கருவி எடுத்துக் கொடுக்கும் வேலை.

வெளியே வந்ததும் சட்டைப் பையிலிருந்த சுருட்டை எடுத்தார். வேப்பமரத்தடியில் போட்டு மிதித்தார். எனக்காகச் செய்த மாதிரி இல்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

மாசி 13, திங்கள்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

இவர் என்னோடு பேசி ஒன்றரை மாதத்துக்கு மேல். வேண்டியதை ராஜி வழியாகக் கேட்கிறார். சோறு போதும்னு சொல்லு. சட்டை எங்கேன்னு கேளு. ராஜி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறாள்.

குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. இன்று நின்றதற்கு முன்னால் காதில் விழுந்தது: "புருஷன் சோத்துல மண்ணள்ளிப் போட்டவ." குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நின்றேன். எங்கே போவது, தண்ணீர் வேண்டுமே.

யூசுப் இந்தப் பக்கம் வருவதில்லை. அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். தண்டனை ஒன்றும் இல்லை, எச்சரிக்கை மட்டும். மேரி டீச்சர் ஒருத்தர்தான் பழையபடி. முட்டை கொடுத்துவிடுகிறார், அவர் வளர்க்கும் கோழி.

செடிக்கு இப்போது இவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். காலையில் எழுந்ததும் வாளியோடு போய் நிற்கிறார். ஊற்றிவிட்டு ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்க்கிறார். பிறகு உள்ளே வந்துவிடுகிறார். நான் சமையலறைச் சன்னலிலிருந்து அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் தெரிவதில்லை.

திரும்பாமலே போய்விட்டால்? இதைத்தான் கீரை ஆய்ந்துகொண்டே நினைக்கிறேன், துணி துவைத்துக்கொண்டே நினைக்கிறேன். வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா? இவரை இப்படியே பேசாத மனுஷனாக வைத்து எத்தனை வருஷம்?

பங்குனி 9, வெள்ளி

காற்றே இல்லை. மாவுப்பூச்சி. இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக. சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன். இவரும் மறுபக்கம் துடைத்தார். பேச்சில்லை. ஆனால் ஒரே செடி.

சாப்பாடு கூடியிருக்கிறது. முருங்கைக்கீரையை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார். சுருட்டு இல்லாத எரிச்சலில் நேற்று ராஜியை அடித்துவிட்டார், பிறகு அவளுக்குக் கடலைமிட்டாய் வாங்கி வந்தார்.

பேப்பரைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார் இன்று. படித்தாரா, பிடித்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்தாரா, கேட்கத் தைரியமில்லை.

சித்திரை 16, திங்கள்

மறுபடியும் குழாயில் நூல். மறுபடியும் அரிசித் தண்ணீர் சேர்த்துவைக்கிறேன்.

காலையில் அடுப்பூதிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து கூப்பிட்டார். ராஜியை இல்லை. "நாயகி" என்று என் பேர் சொல்லி. புகையில் இருமிக்கொண்டே ஓடினேன். பாம்பு ஏதாவது என்றுதான் நினைத்தேன்.

வாளி பக்கத்தில். கீழே உட்கார்ந்து அடிக்கிளையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இது மத்ததைவிட வேற மாதிரி இருக்கு. சிவப்பான்னு தெரியலை. ஆனா வேற மாதிரி இருக்கு."

சிவப்புதாங்க என்றேன்.

அப்படியா என்றார். தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேறு. தெருவில் யாராவது வருவார்களே என்று கூடத் தோன்றவில்லை. உள்ளே பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

வெகுநேரம் கழித்துச் சொன்னார். அந்தச் சின்ன ஸ்டேஷன் விளக்கு அன்றைக்கு அவருக்கு வெள்ளையாகத் தெரிந்ததாம். யாரோ லாந்தர் பிடித்திருக்கிறான் என்று நினைத்தாராம். யூசுப் எனக்குச் சொல்லிவிட்டார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டேன். 

ஆனி 20, வியாழன்

காற்று மாதம். செடியை மூங்கில் நட்டுக் கட்டினேன்.

ஆஸ்பத்திரி முடிவு. நூல் கண்டில் தப்பு ஒன்றிரண்டுதானாம். இருட்டறையில் விளக்கு காட்டினார்கள், கிட்டத்தில் வைத்தால் எல்லாம் சரியாகச் சொன்னார், தூரத்தில் வைத்தால் சிலது இல்லை. அதனால் லைனில் இனி இல்லை. யார்டில் பெட்டிகளைக் கோக்கும் இன்ஜின் மட்டும். மெதுவாக முன்னும் பின்னும். வீடு உண்டு.

டாக்டர் கைகுலுக்கினாராம். சொல்லும்போது சிரித்தார். அப்புறம் மத்தியானம் முழுக்கக் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தார். இத்தனை வருஷம் தஞ்சாவூர் வரைக்கும் ஈரோடு வரைக்கும் போனவர்.

யூசுப் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார், ஆனால் வந்தார். இப்போது வேறு டிரைவரோடு ஓடுகிறார். இருவருக்கும் காபி. பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஆடி 10, வெள்ளி

காலையில் தூறல், பிறகு வெறும் காற்று. செடிக்கு ஊற்றவில்லை. கோயிலுக்கு விளக்கு. மாவிளக்கு மாவு மேரி டீச்சருக்குக் கொஞ்சம்.

இவருக்கு யார்டில் முதல் வாரம். சாயங்காலம் டூட்டி. சுண்டலும் சோறும் கேரியரில் போட்டு நானே எடுத்துப் போனேன். யார்டு வேலி ஓரம் நின்றால் கொடுக்கலாம். விளக்கு வைக்கும் நேரம். வானம் இன்னும் முழுக்க இருட்டவில்லை. கைகாட்டிகளில் விளக்கு ஏற்றியாயிற்று.

இன்ஜின் பின்னோக்கி வந்து வேலிக்கு நேராக நின்றது. இவர் தலையில் துண்டு, கையில் எண்ணெய் துடைக்கும் பஞ்சு. முகமெல்லாம் கரி. கன்னம் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. இறங்க வந்தவர், எனக்குப் பின்னால் தூரத்தில் எதையோ பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

"பச்சை விழுந்துடுச்சு. இரு நாயகி, இதைத் தள்ளிட்டு வந்து வாங்கிக்கிறேன்."

திரும்பிப் பார்த்தேன். பச்சைதான். நல்ல பச்சை.

மறுபடி இந்தப் பக்கம் திரும்பினால், இவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எதைச் சரிபார்க்கத் திரும்பினேன் என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. விசிலை இழுத்தார். இன்ஜின் நகர்ந்தது.